பிரவுசரில் சர்வரை நிர்வகிப்பது தவறா?

புதிதாக ஒரு விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) வாங்கியவர், "கட்டளை எதுவும் அடிக்காமல் இதை நிர்வகிக்க வழி இருக்கிறதா?" என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்க்கட்டும். "முதலில் டெர்மினலை, அதாவது கட்டளை அடிக்கும் திரையை, கற்றுக்கொண்டு வா" என்பார்கள். கொஞ்சம் கடுமையானவர்கள் "உனக்கு எதற்கு சர்வர்?" என்றே கேட்டுவிடுவார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிழைப்புக்காகத் தினமும் டெர்மினலில் உட்காருகிறவன் நான். கட்டளைகள் மேல் மதிப்பு நிறைய உண்டு. ஆனால் அதை ஒரு நுழைவுத் தேர்வாக ஆக்கிவைத்து ஆட்களை விரட்டுவதை ஏற்க முடியவில்லை.

பிரவுசரில் சர்வரை நிர்வகிப்பதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் எந்த இடைமுகம், அதாவது பிரவுசரில் வரும் எந்த நிர்வாகத் திரை, என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சர்வரில் ஏற்கெனவே இருப்பதை எடுத்துக் காட்டும் இடைமுகம் ஒரு வகை. சர்வரையே தன் பிடிக்குள் கொண்டுபோகும் இடைமுகம் இன்னொரு வகை. முதல் வகையை யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் காக்பிட். ரெட் ஹேட் ஆதரவில் வளர்ந்த திறமூல மென்பொருள். டெபியன், உபுண்டு, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. நிறுவியதும் 9090 போர்ட்டில் (சர்வருக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) காத்திருக்கும். எப்போதும் ஓடிக்கொண்டிருக்காது, யாராவது அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதுதான், லினக்ஸில் சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டி அதை எழுப்பிவிடும். தனக்கென்று டேட்டாபேஸும் கிடையாது, தனிப் பயனர் பட்டியலும் கிடையாது. சர்வரில் உங்களுக்கு இருக்கும் அதே பெயரும் பாஸ்வேர்டும்தான், அதே உரிமைகள்தான். அதில் ஒரு சர்வீஸை நிறுத்தினால், டெர்மினலில் சிஸ்டம்சிடிஎல் கட்டளையைப் போட்டுப் பார்க்கும்போதும் அது நின்றிருக்கும். டெர்மினலில் செய்த மாற்றமும் உடனே பிரவுசரில் தெரியும். நாளைக்கே காக்பிட்டை எடுத்துவிட்டாலும் சர்வர் பாட்டுக்கு ஓடும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது நெட்வொர்க் பக்கம். தூரத்தில் இருக்கும் சர்வரில் ஐபி முகவரியையோ கேட்வேயையோ மாற்றுவது எவ்வளவு பதற்றமான வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். ஓர் இலக்கம் தப்பினால் இணைப்பு அறுந்துவிடும். அறுந்தபின் திருத்தவும் வழியில்லை, ஏனென்றால் உள்ளே போகும் பாதையே அதுதான். அப்புறம் ஹோஸ்டிங் நிறுவனத்தின் கன்சோலைத் தேட வேண்டும், இல்லையென்றால் டேட்டா சென்டருக்கு ஆள் அனுப்ப வேண்டும். காக்பிட் இங்கே என்ன செய்கிறது? மாற்றத்துக்கு முன், லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரிடம் பழைய நிலையைக் குறித்துவைக்கச் சொல்கிறது. மாற்றியபின் உங்கள் பிரவுசரோடு தொடர்பு இன்னும் இருக்கிறதா என்று சோதிக்கிறது. இல்லையென்றால் சில விநாடிகளில் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. டெர்மினலிலும் இப்படி ஒரு பாதுகாப்பை ஏற்படுத்திக்கொள்ளலாம். ஆனால் அவசரத்தில் எத்தனை பேர் செய்கிறார்கள்? நல்ல இடைமுகம் என்றால் எனக்கு இதுதான்: அனுபவசாலி எடுக்கும் முன்னெச்சரிக்கை புதியவருக்குத் தானாகவே கிடைப்பது.

கட்டளை தெரிந்தவர்கள் தவறே செய்வதில்லை என்பதும் உண்மையில்லை. 2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்தியபோது 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. அடுத்த மாதம் 28ஆம் தேதி அமேசானில், ஒரு கட்டளையில் கொடுத்த மதிப்பு தவறாகி, எடுக்க நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் விலக்கப்பட்டன. எஸ்3 என்ற அதன் கோப்புச் சேமிப்புச் சேவை சுமார் 4 மணி நேரம் தடுமாறியது. இவர்கள் யாரும் கற்றுக்குட்டிகள் இல்லை. அதன்பின் அமேசான் அந்தக் கருவியையே மாற்றியது: சர்வர்களை மெதுவாக மட்டுமே விலக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக விடாது. கருவி காப்பாற்ற வேண்டிய இடத்தில் மனிதரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, இரண்டாவது வகைக்கு வருவோம். பல ஹோஸ்டிங் பேனல்கள் இப்படித்தான். இணையதளம், மெயில், டிஎன்எஸ் எல்லாவற்றையும் தங்கள் டேட்டாபேஸில் வைத்துக்கொண்டு, கான்ஃபிக் கோப்புகளை (அமைப்புகள் எழுதியிருக்கும் கோப்புகள்) அங்கிருந்து எழுதித் தள்ளும். நீங்கள் கையால் ஒரு வரி திருத்தினால் அடுத்த முறை அது காணாமல் போயிருக்கும். பேனலை விட்டு வெளியேறுவது சர்வரையே புதிதாக அமைப்பதற்குச் சமம். 2019இல் இப்படிப்பட்ட பேனலான சிபேனல், சர்வருக்கு இவ்வளவு என்றிருந்த கட்டணத்தைக் கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப என்று மாற்றியது. பல கணக்குகளை வைத்திருந்த சின்ன ஹோஸ்டிங்காரர்கள் திணறிப்போனார்கள். பிடி யார் கையில் இருந்தது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

பாதுகாப்பில் இரண்டு வகையும் ஒன்றுதான். இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். வெப்மின் என்ற பிரவுசர் இடைமுகம் 1997இலிருந்து இருக்கிறது. கான்ஃபிக் கோப்புகளை நேரடியாகத் திருத்தும் நேர்மையான மென்பொருள். என் கணக்கில் முதல் வகை. ஆனாலும் 2018இல் அதைத் தயாரிக்கும் சர்வருக்குள் யாரோ புகுந்து பின்கதவுக் குறியீட்டைச் செருகிவிட்டார்கள். அது வெளியே தெரிந்தது 2019 ஆகஸ்டில். 2024 அக்டோபரில் சைபர்பேனல் என்ற ஹோஸ்டிங் பேனலில் ஒரு ஓட்டை வெளியானபோது இணையத்தில் திறந்து கிடந்த சைபர்பேனல் சர்வர்கள் சுமார் 22,000. பலவற்றில் ரான்சம்வேர் (பணம் கேட்டு மிரட்டும் நிரல்) புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டது.

அதனால் காக்பிட்டின் 9090, வெப்மினின் 10000, சைபர்பேனலின் 8090 போன்ற நிர்வாகப் போர்ட்களை உலகத்துக்கே திறந்து வைக்காதீர்கள். ஃபயர்வாலில் மூடிவிட்டு எஸ்எஸ்எச் டனல் (சர்வருக்குப் போகும் மறையாக்கப்பட்ட பாதை) வழியாகப் போங்கள், அல்லது விபிஎன் என்ற தனி இணைப்பை வைத்துக்கொள்ளுங்கள். காக்பிட்டுக்கு இன்னும் எளிய வழி உண்டு: உங்கள் லினக்ஸ் கணினியில் ஃப்ளாட்பேக் என்ற செயலித் தொகுப்பாகக் கிடைக்கும் காக்பிட் கிளையன்ட் எஸ்எஸ்எச் வழியாகவே இணைகிறது, 9090ஐத் திறக்கவே தேவையில்லை. எஸ்எஸ்எச்சுக்கும் பாஸ்வேர்டை நிறுத்திவிட்டுக் கீ (சாவி போன்ற ரகசியக் கோப்பு) வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வரிலேயே முழு டெஸ்க்டாப்பை நிறுவி, தூரத்துத் திரையைக் காட்டும் விஎன்சியில் பார்ப்பதை நான் சொல்லவில்லை. 1 ஜிபி ராம் உள்ள விபிஎஸ்ஸில் டெஸ்க்டாப் ஓடினால் உங்கள் இணையதளத்துக்கு என்ன மிஞ்சும்? மைக்ரோசாஃப்ட்கூட 2008இலேயே டெஸ்க்டாப் இல்லாத சர்வர் கோரைக் கொண்டுவந்தது. பிறகு 2018இல் பிரவுசரில் ஓடும் விண்டோஸ் அட்மின் சென்டரையும் கொடுத்தது.

காக்பிட்டிலும் குறை உண்டு. உபுண்டு சர்வரில் நெட்வொர்க்மேனேஜர் இயல்பாக இருக்காது. அதனால் நான் புகழ்ந்த அந்த நெட்வொர்க் பக்கம் அங்கே பயன்படாது, அப்டேட் பக்கமும் சில நேரம் இணையமே இல்லை என்று சொல்லும். தவிர, 30, 40 சர்வர்கள் இருந்தால் எந்த இடைமுகமும் போதாது. அங்கே ஸ்கிரிப்ட்டும், பல சர்வர்களை ஒரே நேரத்தில் அமைக்கும் கருவியான ஆன்சிபிளும்தான். செய்ததை எழுதி வைத்து மறுபடி அப்படியே செய்ய முடிவது கட்டளையின் பெரிய பலம்.

கல்லூரிகளில் லினக்ஸ் சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் வகுப்பிலேயே கட்டளைப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். காக்பிட்டைத் திறந்து காட்டுங்கள். எந்தச் சர்வீஸ் ஓடுகிறது, டிஸ்க் எங்கே நிறைகிறது, லாகில் என்ன விழுகிறது என்று மாணவர்கள் கண்ணால் பார்க்கட்டும். அதற்குள்ளேயே டெர்மினலும் இருக்கிறது. ஒரு சர்வீஸை மவுஸால் நிறுத்திவிட்டு, அதே வேலையைச் செய்யும் கட்டளையை அடுத்து அந்த டெர்மினலில் அடிக்கச் சொல்லுங்கள்.