சந்திரலேகா பரதம் படிக்காதவரா?

வேலூர் சத்துவாச்சாரியில் என் மகள் போகும் நடன வகுப்பின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரம் நடன அமைப்பாளர் சந்திரலேகா பற்றி ஒரு பார்வர்டு வந்தது. ‘சந்திரலேகா பரதநாட்டியமே கற்காதவர், வெளிநாட்டு மாடர்ன் டான்ஸை இங்கே இறக்கியவர்’ என்கிறது அது. தவறு.

மகாராஷ்டிரத்தில் 1928-ல் பிறந்த அவர் சட்டப் படிப்பை விட்டுவிட்டு சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் பயின்றார். நமக்குப் பக்கத்து ஊர்க்காரரின் சிஷ்யை என்பதுகூடத் தெரியாமல் எழுதியிருக்கிறார்களே என்று வருத்தமாக இருந்தது.

1952-ல் அரங்கேற்றம், ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக. யமுனையில் தோழியர் நீர் விளையாடும் பாடலுக்கு அபிநயம். கை தண்ணீரை அள்ளித் தெளிக்கிறது. மனதிலோ பத்திரிகையில் பார்த்த, வெடித்துக் கிடந்த நிலம். ஒரு கணம் அப்படியே உறைந்துபோனதாக அவரே பின்னாளில் எழுதினார். பாலாறு மணலாகக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தத் தவிப்பு புரியும். நடனத்துக்கும் நிஜ வாழ்க்கைக்கும் ஏன் இத்தனை இடைவெளி என்ற அவருடைய கேள்வி பரதத்துக்குள்ளிருந்தே வந்தது.

சரி, அப்புறம் மாடர்ன் டான்ஸ் எங்கே வந்தது? 1985-ல் அவர் அமைத்த ‘அங்கிகா’வில் பரதத்தோடு சேர்ந்தவை கேரளத் தற்காப்புக் கலையான களரிப்பயட்டும் யோகமும். ‘லீலாவதி’க்கு எடுத்தது 12-ஆம் நூற்றாண்டின் பாஸ்கராச்சாரியார் எழுதிய கணித நூல். ‘சரீரா’வுக்கு இந்துஸ்தானி மரபின் துருபத் இசை. இதில் எது வெளிநாட்டுச் சரக்கு?

அவர் பாணி பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லலாம். பரதமே தெரியாது என்பதை மட்டும் குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள். நம் பிள்ளைகளும் அதைப் படிக்கிறார்கள்.