சீட்டு மேஜையில் சினிமா காட்டாத ஆள்

சினிமாவில் சூதாட்டக் காட்சி என்றாலே மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு வில்லன் உட்கார்ந்திருப்பான். நம் பழைய படங்களில் பின்னால் கிளப் டான்ஸ் ஓட, வாயில் சுருட்டோடு. வெளிநாட்டுப் படங்களில் கோட் சூட்டோடு. நாயகன் அவன் கண்ணையே பார்ப்பான், இருக்கிற காசை மொத்தமாக நடுவில் தள்ளுவான், சீட்டைத் திருப்புவான், தியேட்டரில் விசில் பறக்கும். என் கோபமே இதில்தான். சூதாட்டத்தை இரண்டு ஆம்பளைகளின் தைரியப் போட்டியாகவே காட்டிக் காட்டி, காசை உண்மையில் யார் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்பதை மறைத்தே விட்டார்கள்.

2006இல் வந்த கேசினோ ராயல் படத்தின் பெரிய ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கையிலும் பிரமாதமான சீட்டு, ஜேம்ஸ் பாண்டுக்கு மட்டும் இஸ்பேடில் நாலு முதல் எட்டு வரை வரிசையாக விழுகிறது. ஏழு சீட்டுக்குள் இப்படி ஒரே இனத்தில் ஐந்து வரிசையாக அமைவது சுமார் 3,200 தடவைக்கு ஒருமுறைதான். அதைப் பார்த்துவிட்டு "என்ன மூளைடா" என்கிறோம். சீட்டு விழுந்ததில் மூளைக்கு என்ன வேலை?

கேசினோ பிழைப்பது அந்த மாதிரி ராத்திரிகளில் இல்லை. பந்து எந்த எண்ணில் விழும் என்று காசு கட்டுகிற ரூலட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், கூட ஒரு பூஜ்யம், ஆக 37 குழிகள். ஒற்றை எண்ணில் கட்டி ஜெயித்தால் கட்டிய காசோடு 35 மடங்குதான் தருவார்கள், நியாயமாக வர வேண்டியது 36. அந்த ஒரு மடங்கில்தான் எல்லாமே. 100 ரூபாய் கட்டினால் சராசரியாக 2 ரூபாய் 70 காசு நடத்துகிறவனுக்கு. அமெரிக்கச் சக்கரத்தில் இன்னொரு பூஜ்யம் உண்டு, அங்கே 5 ரூபாய் 26 காசு. யாரும் யாரையும் ஏமாற்ற வேண்டியதே இல்லை, நீங்கள் எழுந்து போகாமல் இருந்தால் போதும். லாஸ் வேகஸ் இருக்கிற நெவாடாவில் கேசினோ வருமானத்தில் பெரும்பங்கு ஸ்லாட் மெஷினிலிருந்துதான் வருகிறது. எந்த நாயகனாவது அதன் முன்னால் மணிக்கணக்காகப் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்து பார்த்திருக்கிறீர்களா? முறைத்துப் பார்க்க அங்கே ஆள் இல்லையே.

ஸ்கார்செஸியின் கேசினோ (1995) இதில் நேர்மையான படம். பெரிய தொகை ஜெயித்துவிட்டு ஊருக்குக் கிளம்பும் ஜப்பான்காரரை, விமானத்தில் கோளாறு என்று சொல்லித் திரும்பக் கூட்டிவந்து தங்க வைப்பார்கள். மறுபடி ஆட உட்காருவார், ஜெயித்ததும் போய் கைக்காசும் போகும். நம்மிடம் மங்காத்தா இருக்கிறது, அஜித்தை எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்த 500 கோடி பெட்டிங் பணத்தை யார் அடிக்கப்போகிறார்கள் என்பதுதான் கதை. அது யார் யார் தோற்ற காசு என்று படத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் அதைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று எங்கே போனாலும் வேப்பமரத்தடியில் பையன்கள் போனும் கையுமாக இருப்பார்கள். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வந்ததும் அது ரம்மி ஆப்புக்குப் போனதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். படகுக்குப் போகிற ஒரு தம்பி, முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தையும் விட்டு, பெண்டாட்டி தோட்டையும் அடகு வைத்துவிட்டான். கேட்டால், "எதிர்ல இருக்கறவன் எப்ப கவுப்பான்னு எனக்குத் தெரிஞ்சிடும்ணே" என்கிறான். போன் திரையில், முகமே தெரியாத ஆளை! இதைச் சொல்லிக்கொடுத்தது யார்? சினிமாதான், வேறு யார்?

அவன் எதிரே ஐந்து பேர் இருந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆறு பேரும் ஆளுக்கு 100 ரூபாய் கட்டி, ஆட்டத்துக்கு 60 ரூபாய் கமிஷன் போனால், பத்து ஆட்டத்தில் அந்த 600 ரூபாயும் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆறு பேரில் யார் கெட்டிக்காரன் என்பதெல்லாம் அப்புறம்.

2022இல் தமிழ்நாடு கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ரம்மி, போக்கர் தடையை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் நீக்கியது, அவை திறமை ஆட்டங்கள் என்று சொல்லி. 2025 ஆகஸ்டில் மத்திய அரசே சட்டம் போட்ட பிறகுதான் பணம் கட்டி ஆடும் பெரிய ஆப்கள் நின்றன. சரி, நல்லது. ஆனால் தோடு இன்னும் அடகுக்கடையில்தான் இருக்கிறது.

"படம்தானே, ஏன் இவ்வளவு கோபம்" என்று கேட்பீர்கள். படம் எடுக்கிற தம்பிகள் யாராவது இதைப் படித்தால், அடுத்த தடைக்காலத்தில் ஒரு வாரம் இங்கே வந்து தங்குங்கள், சாப்பாடு எங்கள் வீட்டில். மீன் விற்கிற அக்காக்களிடம் பேசுங்கள், எந்தெந்தக் குழுக் கடன் எதற்காக வாங்கியது என்று அவர்களே சொல்வார்கள். அடுத்த படத்தில் வில்லனை மேஜைக்கு எதிரே உட்கார வைக்காமல், கமிஷன் கணக்கு பார்க்கிற அறையில் உட்கார வையுங்கள்.