சீட்டைக் கவிழ்க்காதவரிடம் பிளஃப் எதற்கு?

லிமிட் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டம் ஆடுகிற நண்பர்களின் புலம்பல் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. “இந்த மேசையில் ஆட முடியாது. யாருமே சீட்டைக் கவிழ்ப்பதில்லை. எதை வைத்துக்கொண்டும் கடைசிவரை வருகிறார்கள், ரிவரில் அடித்துவிட்டுப் போகிறார்கள்.” (கவிழ்ப்பது என்றால் அந்தக் கையிலிருந்து விலகுவது; ரிவர் என்பது நடுவில் விழும் ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு.) நானும் சில ஆண்டுகள் இதே ஒப்பாரியை வைத்தவன்தான். இப்போது யாராவது இப்படிச் சொன்னால், அந்த மேசையில் காலி நாற்காலி இருக்கிறதா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

லிமிட்டில் பந்தயத் தொகை கட்டுப்பட்டது. முதல் இரண்டு சுற்றுகளில் சின்னப் பந்தயம். நான்காவது பொதுச் சீட்டான டர்னிலும், ரிவரிலும் அதன் இரட்டிப்பு. எவ்வளவு கோபம் வந்தாலும் மொத்த சிப்பையும் நடுவில் தள்ளி எதிராளியை மிரட்ட வழியில்லை. நடுவில் சேரும் பந்தயப் பணமான ‘பாட்’டில் எட்டுப் பெரிய பந்தயம் கிடக்கிறது, நீங்கள் ஒன்பதாவதைப் போடுகிறீர்கள் என்றால், எதிராளி ஒன்றைக் கொடுத்து ஒன்பதுக்கு ஆசைப்படலாம். பத்தில் ஒரு முறை ஜெயித்தாலே அவருக்கு நஷ்டமில்லை. இயல்பிலேயே ‘என்னதான் வைத்திருக்கிறார், பார்த்துவிடுவோமே’ என்று வருகிறவர் அவர். அவரிடம் போய் பிளஃப் செய்வது, அதாவது மட்டமான சீட்டோடு பந்தயம் போட்டு மிரட்டுவது, காது கேளாதவரிடம் குரலை மாற்றிப் பேசி ஏமாற்றப் பார்ப்பது போன்றது. எனக்கு இது புரிய இவ்வளவு காலம் ஆனதற்குக் காரணம் அறியாமைகூட இல்லை, கர்வம். பிளஃப் இல்லாவிட்டால் நான் ஆடுவதாகவே எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் பிளஃபை விட்டதோடு பிரச்சினை தீரவில்லை. பெரிய ஓட்டை வேறிடத்தில் இருந்தது. ஒரு கையைச் சொல்கிறேன்.

நான் பட்டனில் (கடைசியாகப் பேசும் இடம்), ஏஸும் ராணியும், வேறு வேறு ஜாதி. எனக்கு முன்னால் நால்வர் வெறும் ‘கால்’, அதாவது கேட்ட தொகையை மட்டும் கொடுத்து உள்ளே வந்தார்கள். நான் ரைஸ் செய்தேன், பந்தயத்தை உயர்த்தினேன். சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயப் பந்தயம் போட்ட இருவரில் சின்ன பிளைண்ட் விலக, பெரிய பிளைண்டும் சேர்ந்து ஆறு பேர். ஃபிளாப்பில், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டில், ராணி, எட்டு, நான்கு. எல்லோரும் பந்தயம் போடாமல் செக், நான் போட்டேன், மூவர் வந்தார்கள். டர்னில் இரண்டு. மறுபடி போட்டேன்; இருவர் வந்தார்கள். ரிவரில் ஒன்பது. இருவரும் செக். அங்கே என் கை நின்றுவிட்டது. ஜாக்கியும் பத்தும் வைத்திருந்தால் ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) ஆயிற்றே, எட்டும் ஒன்பதும் வைத்திருந்தால் இரண்டு ஜோடி ஆயிற்றே என்று மனம் பேய் காட்டியது. நானும் செக் என்றேன். ஒருவர் ராணியும் பத்தும் காட்டினார். இன்னொருவர் எட்டும் ஏழும். ராணி ஜோடியோடு ஏஸும் இருந்ததால் பாட் என்னிடம் வந்தது. பக்கத்தில் இருந்தவர் “நன்றாக ஆடினீர்கள்” என்றார்.

நன்றாகவா ஆடினேன்? இருவருமே இன்னொரு பெரிய பந்தயத்தைக் கொடுத்திருப்பார்கள். நேரடி லிமிட் மேசைகளில் நல்ல ஆட்டக்காரருக்கு மணிக்கு ஒரு பெரிய பந்தயம் வருமானம் என்பது பழைய வாய்மொழிக் கணக்கு. அப்படியானால் அந்த ஒரு செக்கில் நான் இரண்டு மணி நேர உழைப்பைத் தூக்கி எறிந்திருக்கிறேன். நான்கு முறை கால் செய்தால் மூன்று முறை தோற்ற சீட்டோடு கால் செய்கிற மனிதரிடம், மீதி ஒரு முறையை நினைத்துப் பயந்து பந்தயத்தை நிறுத்தியிருக்கிறேன். கடைசியாகப் பேசுகிற இடத்தில் கணக்கு எளிது: கால் வந்தால் பாதிக்கு மேல் நாம் ஜெயிப்போம் என்றால் போட வேண்டும். செக் என்று மறைந்திருந்து, எதிராளி போட்டதும் ரைஸ் செய்கிற செக்-ரைஸ் ஆசையையும் இந்த மேசையில் விட்டுவிட வேண்டும். நாம் செக் என்றால் அவர்களும் மகிழ்ச்சியாக செக் என்பார்கள்.

இன்னொன்று. அவர்கள் வருவதெல்லாம் முட்டாள்தனம் என்று நினைப்பதும் தவறு. அதே கையில் ஒருவர் ஜாக்கி, பத்து வைத்திருந்ததாகக் கொள்ளுங்கள். அவருக்கு வேண்டியது நான்கு ஒன்பதுகளில் ஒன்று. தெரியாத 47 சீட்டில் 43 அவருக்கு ஆகாது. ஏறத்தாழ பதினொன்றுக்கு ஒன்று. ஆனால் நான் ரைஸ் செய்து பெருக்கிய பாட், என் ஃபிளாப் பந்தயத்தையும் சேர்த்து, பதின்மூன்றரைச் சின்னப் பந்தயம். ஒன்றைக் கொடுத்துப் பதின்மூன்றரையைத் துரத்துகிறார். அவர் செய்தது சரி! ஒன்பது விழுந்ததும் மேசையைத் தட்டுகிறவன்தான் கணக்குத் தெரியாதவன்.

அவர்கள் தோற்பது இரண்டு இடங்களில். ஃபிளாப்புக்கு முன்பே குப்பைச் சீட்டோடு உள்ளே வருவது முதலாவது. இரண்டாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை: நல்ல சீட்டு கிடைக்கும்போதும் அவர்கள் ரைஸ் செய்வதில்லை. தோற்கும்போது முழுத் தொகை, ஜெயிக்கும்போது அரைத் தொகை. நமக்கு வரும் லாபத்தில் பெரும்பகுதி அந்த மௌனத்திலிருந்துதான் வருகிறது.

ஏஸ் ஜோடி உடைகிறதே என்று அழுகிறவர்களுக்கு: ஏதோ இரண்டு சீட்டு வைத்திருக்கும் ஒருவருக்கு எதிராக அது 85 சதவீதம் ஜெயிக்கும், அப்படி ஐவர் வந்தால் சுமார் 49 சதவீதம்தான். பாதிக்குப் பாதி உடையத்தான் செய்யும். ஆனால் ஆறில் ஒரு பங்கைப் போட்டு ஏறத்தாழ பாதியை எடுக்கிறீர்கள். இதே காரணத்தால் ஃபிளாப்பில் நான்கு ஹார்ட்டின் சேர்ந்து, எதிரே நால்வர் இருந்தால் நான் தயங்காமல் ரைஸ் செய்கிறேன். ரிவருக்குள் ஐந்தாவது வர 35 சதவீதம். நான் போடுவது ஐந்தில் ஒன்று. சின்ன ஜோடிகளுக்கும் ஏஸோடு அதே ஜாதிச் சீட்டுக்கும் கூட்டத்தில் மதிப்பு ஏறுகிறது. ஜாதி சேராத ராஜாவும் ஜாக்கியும் பார்க்க அழகாக இருந்தாலும் இறங்குகிறது.

2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர், செபியஸ் என்ற நிரலைக் கொண்டு இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமை ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்துவிட்டதாக ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். “அதை மனப்பாடம் செய்தால் போதாதா?” என்று ஒரு தம்பி கேட்டான். அது யாரிடமும் தோற்காமல் இருக்கக் கற்ற ஆட்டம். எதிரே இருப்பவரின் பலவீனம் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. ஆறு பேர் கூடிய மேசையில் அதை வைத்து என்ன செய்வது?

இவ்வளவு தெரிந்தும் போன மாதம் ஒரு கையில் சறுக்கினேன். என்னிடம் ஏஸ் ஜோடி. எதிரே, இரண்டு மணி நேரமாக ரைஸ் என்ற சொல்லே வாயில் வராத பெரியவர். ஃபிளாப், டர்ன் இரண்டிலும் அமைதியாகக் கால். ரிவரில் நான் போட்டதும் மெல்ல இரண்டு பந்தயத்தை எண்ணி முன்னால் வைத்தார். பாட்டில் பதினொன்று இருக்கிறது, பன்னிரண்டில் ஒரு முறை ஜெயித்தால் போதுமே என்று மனம் வாதாடியது. அப்படிப்பட்டவர் ரைஸ் செய்தால் அந்த ஒரு முறைகூட இல்லை என்று தெரியும். தெரிந்தே கால் செய்தேன். ஃபிளாப்பிலிருந்தே அவரிடம் மூன்று நான்குகள். என் சீட்டைப் பார்த்துவிட்டு, “அடடா, உங்களிடமும் நல்ல சீட்டுதான் இருந்திருக்கிறது” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.