ஈலாய் தனியாக நின்ற அந்தக் கடைசிக் காட்சி

விண்வெளியில் வெகுதூரத்தில் ஒரு பழைய கப்பலில் மாட்டிக்கொண்டவர்களின் கதையான ஸ்டார்கேட் யுனிவர்ஸ் டிவி சீரிஸ் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். "முடிவே சொல்லாம நிறுத்திட்டாங்கப்பா." 2011 மே 9 அன்று கடைசி எபிசோட் வந்தது, இன்னும் இதே பேச்சுதான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நேற்று ராத்திரி கடைசி சில எபிசோடுகளை மறுபடி உட்கார்ந்து பார்த்தேன், என் எண்ணம் இன்னும் உறுதியாகிவிட்டது. இதுவரை பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், முழுக் கதையும் சொல்லப்போகிறேன்.

கோபம் நியாயமானதுதான், அதை மறுக்கவில்லை. முதல் ஸ்டார்கேட் சீரிஸ் பத்து சீசன் ஓடியது, அட்லாண்டிஸ் ஐந்து சீசன், இதற்குக் கிடைத்தது இரண்டே சீசன், 40 எபிசோட். முதலில் வெள்ளிக்கிழமை போட்டார்கள், அப்புறம் செவ்வாய், அப்புறம் திங்கள். இப்படி நாளை மாற்றிக்கொண்டே இருந்தால் பார்க்கிறவன் எப்படித் தொடர்ந்து வருவான்? 2010 டிசம்பரில் ரத்து என்று அறிவித்தபோது இரண்டாம் சீசன் படப்பிடிப்பே முடிந்திருந்தது. அதனால் கடைசி எபிசோடான 'கான்ட்லெட்' முடிவுரையாக எழுதப்பட்டதே இல்லை, மூன்றாம் சீசனுக்குப் போட்ட வாசல் அது.

ஆனால் அதற்கு இரண்டு எபிசோட் முன்னால் 'எபிலாக்' இருக்கிறதே, அதை ஏன் யாருமே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை? காலத்தில் பின்னோக்கித் தூக்கி எறியப்பட்ட இன்னொரு குழு, அதாவது கப்பலில் இருக்கும் இதே மனிதர்களின் இன்னொரு பிரதி, 2000 வருஷம் முன்னால் ஒரு கிரகத்தில் குடியேறி, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, சண்டை போட்டு, கிழடாகிச் செத்துப்போயிருக்கிறார்கள். அவர்கள் எடுத்து வைத்த வீடியோக்களைக் கப்பலில் இருக்கும் நம்மாட்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். தங்கள் வாழ்க்கையையே, வாழ்வதற்கு முன்பே. மருத்துவம் பார்க்கும் டிஜே, தனக்குள் ஒரு நரம்பு நோய் காத்திருக்கிறது என்பதை அந்தத் திரையில்தான் தெரிந்துகொள்கிறாள். அவள் முகத்தை அந்த நேரத்தில் பாருங்கள், அழுகை இல்லை, ஒன்றும் இல்லை, அப்படியே பார்த்துக்கொண்டிருப்பாள். எத்தனை சீரிஸ்கள் தங்கள் மனிதர்களை இப்படிக் கடைசி மூச்சு வரைக்கும் காட்டியிருக்கின்றன? இவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

சரி, 'கான்ட்லெட்'. வழியில் இருக்கும் நட்சத்திர வாசல்களை, அதாவது கிரகம் விட்டுக் கிரகம் போக உதவும் வளையங்களை எல்லாம், ட்ரோன்கள் என்கிற ஆளில்லாத தாக்குதல் கப்பல்கள் அடைத்து நிற்கின்றன. அந்த கேலக்ஸியையே நிற்காமல் தாண்டிவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். மூன்று வருஷம் ஆகும், கணக்கு கொஞ்சம் பிசகினால் ஆயிரம் வருஷம்கூட ஆகலாம். எல்லோரும் உறைநிலைப் பெட்டிக்குள் போய்ப் படுக்கவேண்டும். பெட்டி ஒன்று குறைகிறது. விஞ்ஞானி ரஷ், வெளியே நான் இருக்கிறேன் என்கிறார், கப்பலின் தலைவர் கர்னல் யங்குக்கு அவர்மேல் நம்பிக்கை வரவில்லை, தானே இருக்கத் தயாராகிறார். கடைசியில் இருப்பது ஈலாய். இரண்டு வாரத்துக்குள் பழுதான பெட்டியைச் சரிசெய்யவேண்டும், இல்லையென்றால் கப்பலின் சக்தியை மிச்சப்படுத்தி மற்றவர்களைக் காப்பாற்ற அவன் மூச்சை அவனே நிறுத்திக்கொள்ளவேண்டும்.

முதல் எபிசோடில் இந்த ஈலாய் யார் என்று ஞாபகம் இருக்கிறதா? படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அம்மாவோடு வீட்டில் இருந்துகொண்டு வீடியோ கேம் ஆடின பையன். அந்த கேமுக்குள் ஒளித்து வைத்திருந்த கணக்கைப் போட்டுவிட்டான் என்பதற்காக விமானப்படை வந்து வாசல் கதவைத் தட்டியது. அவனாக எதையும் கேட்கவில்லை, தூக்கிக்கொண்டு போனார்கள். அதே பையன் 40 எபிசோட் கழித்து, யாரும் சொல்லாமல், இதை நான் செய்கிறேன் என்று நிற்கிறான். ஆளில்லாத கப்பலில் நடந்து வருகிறான், பெரிய கண்ணாடிக்கு முன்னால் நின்று வெளியே பார்க்கிறான், மெல்லச் சிரிக்கிறான். அவ்வளவுதான். நேற்று அந்த இடத்தில் நிறுத்திவிட்டு லேப்டாப்பை மூட மனமில்லாமல் ரொம்ப நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் சீசன் வந்திருந்தால் முதல் பத்து நிமிஷத்திலேயே பெட்டியைச் சரிசெய்திருப்பான், இல்லை வேறு யாராவது எழுந்து வந்திருப்பார்கள், அந்தச் சிரிப்பு வெறும் இடைவேளையாக ஆகியிருக்கும். அவன் பிழைத்தானா இல்லையா என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான். அடுத்த தடவை பார்க்கும்போது 'எபிலாக்'கையும் 'கான்ட்லெட்'டையும் ஒரே ராத்திரியில் பாருங்கள்.