உறைக்குள் இருக்கும் எட்டாவது சீட்டு

சில மாதங்களுக்கு முன்பு நண்பர் ஒருவரும் நானும், ஆளுக்கு ஐந்து மினியேச்சர் உருவங்களோடு, அதாவது சிறு பொம்மை வீரர்களோடு, மர்மக் கதை என்று சொல்லப்பட்ட ஒரு ஸ்கர்மிஷ் ஆட்டத்தை (சில வீரர்களை மட்டும் வைத்து மேசையில் ஆடும் சிறு மோதலை) ஆடினோம். மேசையில் ஆறு டோக்கன்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றின் அடியில் கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கும் கடிதம் இருந்தது. என் வீரன் மூன்றாவது டோக்கனைப் புரட்டியபோது அது கிடைத்துவிட்டது. தூக்கிக்கொண்டு மேசையின் ஓரத்தை நோக்கி ஓடினேன், நண்பர் துரத்திச் சுட்டார், நான் தப்பினேன், ஆட்டம் முடிந்தது. கடிதத்தை எழுதியவர் யார், அதில் என்ன இருந்தது, கொலைகாரன்தான் யார் என்று எங்கள் இருவரில் ஒருவரும் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய தேவையையும் அந்த விதிகள் உண்டாக்கவில்லை.

அன்றிலிருந்து மர்மம் என்ற பெயரோடு வரும் எந்தச் சினாரியோவை, அதாவது ஓர் ஆட்டத்துக்கான கதையையும் விதிகளையும், படித்தாலும், அதில் ‘கடிதம்’ என்று இருக்கும் இடத்தில் ‘பொன்மூட்டை’ என்று மாற்றி எழுதிப் பார்க்கிறேன். அதன் பிறகும் ஒரு விதிகூட மாற வேண்டியதில்லை என்றால், நாம் ஆடப்போவது புதையல் வேட்டை. புதையல் வேட்டையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2015-இல் வெளிவந்த ஃப்ராஸ்ட்கிரேவ் என்ற மினியேச்சர் ஆட்டம், பனி மூடிய பாழ்நகரத்தில் மந்திரவாதிகளின் கூட்டங்கள் புதையலுக்காக மோதிக்கொள்வதையே தன் மையமாக வைத்து, அதைச் சிறப்பாகவும் செய்கிறது. ஆனால் துப்பறிதல் வேறு வகையான இன்பம். அதற்கு, விடை ஆட்டம் தொடங்கும் முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். கிடைக்கும் ஒவ்வொரு துப்பும் ஏதேனும் ஒரு வழியை அடைக்க வேண்டும். அப்படி ஒரு வழி அடைபட்ட காரணத்தாலேயே, அடுத்த முறை என் உருவம் வேறு திசையில் நகர வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் மினியேச்சர் ஆட்டங்களுக்கு மிக முக்கியமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். துப்பு என் நகர்வை மாற்றவில்லை என்றால், மேசையும் வீடுகளும் வர்ணம் பூசிய உருவங்களும் எதற்காக அங்கே இருக்கின்றன?

மினியேச்சர் ஆட்டத்தின் இயல்பான இடையூறு, எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது. சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எதிரியை என் வீரனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இந்தச் சிக்கல் புதிதல்ல. பிரஷ்யப் படை அதிகாரிகளுக்காக 1824-இல் வகுக்கப்பட்ட கிரீக்ஸ்ஷ்பீல் போர் விளையாட்டில், ஆடுபவருக்குத் தன் படைகள் காணக்கூடியதை மட்டுமே தெரிவிக்க ஒரு நடுவர் இருந்தார். 1989-இல் வந்த ஸ்பேஸ் ஹல்க் என்ற பலகை ஆட்டம், நடுவரை விலக்கிவிட்டு ‘பிளிப்’ என்ற குறியை வைத்தது. ஏதோ ஒன்று வருகிறது என்று தெரியும், எத்தனை என்பது பார்வைக்கோட்டில் பட்ட பிறகே, அதாவது ஒரு வீரனின் கண்ணுக்குத் தடையின்றித் தெரிந்த பிறகே, வெளிப்படும். இன்ஃபினிட்டி என்ற மினியேச்சர் ஆட்டத்தில் உருமறைப்பில் இருக்கும் வீரனுக்குப் பதிலாக ஒரு மார்க்கர் மட்டும் மேசையில் நிற்கும். இவை எல்லாம் ‘எங்கே, எத்தனை’ என்பதை மறைப்பதில் தேர்ந்தவை. ‘யார், ஏன்’ என்பதை மறைக்க நாம் வேறு இடத்தில் கற்றுக்கொள்ள வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை அந்த இடம் 1949-இல் வெளியான க்ளூடோ, கொலையாளி யார், எந்த ஆயுதம், எந்த அறை என்று கண்டுபிடிக்கும் பலகை ஆட்டம். ஆறு பேர், ஆறு ஆயுதங்கள், ஒன்பது அறைகள் என்று 324 விடைகளுக்கு இடமிருக்கும் அந்த ஆட்டத்தில் நடுவரே தேவைப்படவில்லை. விடைக்குரிய மூன்று சீட்டுகளை யாரும் பார்க்காமல் உறைக்குள் போட்டுவிட்டால், மீதிச் சீட்டுகள் ஒவ்வொன்றும் ‘இது இல்லை’ என்று சொல்லும் துப்பாகிவிடுகின்றன. எழுபது ஆண்டுகளுக்கும் முந்தைய இந்த எளிய ஏற்பாட்டை நம் போர்மேசைக்குக் கொண்டுவர நாம் ஏன் தயங்குகிறோம் என்பது எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

நான் செய்து பார்த்தது இதுதான். மூன்றடிக்கு மூன்றடி மேசையில் ஒரு சிற்றூர். அதில் கொல்லர், படகோட்டி, மருத்துவச்சி, இடையன், எழுத்தர், மீனவர், ஆலைக்காரர், விடுதிக்காரி என எட்டு ஊரார், ஒருவர் உளவாளி. எட்டுப் பேருக்கும் எட்டுச் சீட்டுகள். ஒன்று பார்க்கப்படாமல் உறைக்குள் போகிறது, அதில் உள்ளவரே உளவாளி. மற்ற ஏழும் கிணற்றடி, களஞ்சியம், பாலம் என்று ஏழு இடங்களில் டோக்கன்களின் அடியில் கவிழ்கின்றன. என் உருவம் ஓர் இடத்தை அடைந்து ஒரு செயலைச் செலவிட்டால், அங்குள்ள சீட்டை நான் மட்டும் பார்த்துவிட்டு மறுபடியும் கவிழ்த்து வைக்கலாம். ஆறு சுற்றுகளில் ஏழையும் பார்த்து முடிக்க முடியாது. நான்கைப் பார்த்தவருக்கு நான்கு பேர் மிஞ்சுவார்கள், ஐந்தைப் பார்த்தவருக்கு மூன்று பேர். இறுதியில் ஒருவரைப் பிடித்து, இயல்பான ஆறு அங்குலத்துக்குப் பதிலாக மூன்று அங்குல வேகத்தில், உயிரோடு மேசைக்கு வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகுதான் உறை திறக்கும். தவறான ஆளை அழைத்துச் சென்றவர் தோற்றார்.

முதல் ஆட்டத்திலேயே நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. இரண்டாம் சுற்றில் கிணற்றடியில் கொல்லரின் சீட்டைப் பார்த்தேன். அதுவரை கொல்லரின் பட்டறைக்கு அருகில் நிறுத்தியிருந்த வீரனை, இனி அங்கே வேலையில்லை என்று பாலத்தை நோக்கி நகர்த்தினேன். நண்பர் கிணற்றடிப் பக்கமே போகவில்லை. தன் காகிதத்தில் கொல்லரின் பெயரை அடித்துவிட்டார். என் கால்கள் அவருக்குத் துப்பு கொடுத்துவிட்டன. அடுத்த ஆட்டத்தில் நான், குற்றமற்றவர் என்று தெரிந்த ஆலைக்காரரை இரண்டு சுற்றுகள் வேண்டுமென்றே சுற்றிவளைத்தேன். போர்மேசையைத் தவிர வேறெங்கும் கிடைக்காத துப்பறிதல் இது. இங்கே ஒவ்வொரு நகர்வும் ஒரு வாக்குமூலம், அல்லது ஒரு பொய்.

பகடையைப் பற்றி நான் பிடிவாதமாக இருக்கிறேன். துப்பு கிடைக்குமா இல்லையா என்பதைப் பகடையிடம் விடக் கூடாது. விடையை அடைய மூன்று துப்புகள் தேவை, ஒவ்வொன்றுக்கும் நான்கோ அதற்கு மேலோ விழ வேண்டும் என்று ஒரு விதி இருந்தால், முதல் முயற்சியிலேயே மூன்றும் கிடைக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான், அதாவது 12.5 சதவீதம். பெரும்பாலான ஆட்டங்களில் ஆடுபவர்கள் ஒரே இடத்தில் நின்று மறுபடி மறுபடி உருட்டிக்கொண்டிருப்பார்கள். மூன்றில் ஏதேனும் ஒன்று போதும் என்று மாற்றினால் அதே பகடை 87.5 சதவீதம் கொடுக்கிறது. நான் இதற்கும் ஒரு படி மேலே போய், சீட்டு எப்படியும் தெரியட்டும் என்று வைத்திருக்கிறேன். பகடை தோற்றால் அந்த வீரன் அடுத்த சுற்றில் அசைய முடியாது. அறிவுக்கு விலை இருக்கலாம். கதவே அடைபட்டுவிடக் கூடாது.

எழுதி முடித்த கதையாக வரும் மர்மங்கள் முதல் முறை அருமையாக இருக்கும், இரண்டாம் முறை விடை தெரிந்துவிடும். மேன்ஷன்ஸ் ஆஃப் மேட்னஸ் என்ற பலகை ஆட்டத்தின் 2016 பதிப்பைப் போல ஒரு செயலியிடம் ரகசியத்தை ஒப்படைப்பதும் வேலை செய்யத்தான் செய்கிறது. எனக்கு அது கண்களை மேசையிலிருந்து திரைக்கு இழுத்துவிடுகிறது.

துப்பாக்கிதான் என்னை அதிகம் தொல்லைப்படுத்தியது. தோற்றுக்கொண்டிருப்பவர் ஊராரைச் சுட்டுத் தள்ளினால் புதிரே இல்லாமல் போய்விடும். இரண்டு ஆட்டங்கள் அப்படித்தான் கெட்டன. ஆகவே, உளவாளி யாருடைய குண்டால் இறக்கிறாரோ அவருடைய எதிராளிக்கே வெற்றி என்று ஒரு விதியையும், பகடையில் ஒன்று விழுந்தால் குண்டு குறிக்கு அருகில் நிற்பவர் மேல் பாயும் என்று இன்னொரு விதியையும் சேர்த்தேன்.

கடைசியாக ஆடிய ஆட்டத்தில் ஐந்தாம் சுற்று. நான் நான்கு சீட்டுகளைப் பார்த்திருந்தேன். நான் பார்க்காத மூன்று இடங்களையும் நண்பர் பார்த்துவிட்டிருந்தார். என் வீரன் மறைவே இல்லாத வெளியில், மருத்துவச்சியின் பக்கத்தில் நின்றான். நண்பரின் துப்பாக்கிக்காரனுக்குத் தெளிவான பார்வைக்கோடு இருந்தது. அளவுகோலை எடுத்து வைத்தார், சிறிது நேரம் பார்த்தார், பிறகு அதை மடக்கிவிட்டு வேறொரு வீரனை நகர்த்தினார். மருத்துவச்சியின் சீட்டை அவர் பார்த்திருந்தால் தயங்கியிருக்க மாட்டார். அப்படியென்றால் அவர் பார்த்த மூன்றிலும் அவள் இல்லை. என் நான்கிலும் இல்லை. அது நண்பர் விரித்த வலையாகவும் இருக்கலாம் என்ற அச்சத்தோடேயே அவளை அழைத்துக்கொண்டு மூன்று அங்குலம், பிறகு இன்னும் மூன்று அங்குலம் என்று ஓரத்தை நோக்கி நடந்தேன். உறையைத் திறந்தபோது உள்ளே மருத்துவச்சியின் சீட்டு இருந்தது.