நிபந்தனை போட இவர்கள் யார்?

இந்தியா கூட்டாட்சியா ஒற்றையாட்சியா என்று பேச்சு வந்தால், அரசமைப்பின் முதல் பிரிவில் இருக்கும் 'மாநிலங்களின் ஒன்றியம்' என்ற சொல்லைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். நான் 282-வது பிரிவைப் படிக்கச் சொல்வேன். சட்டம் இயற்றும் அதிகாரமே இல்லாத துறையிலும் 'பொது நோக்கம்' என்று சொல்லி ஒன்றிய அரசு மானியம் கொடுக்கலாம் என்கிறது அது. ஏழாவது அட்டவணையில் பட்டியல் போட்டு அதிகாரத்தைப் பிரித்துவிட்டு, பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறோம். ஒன்றிய வரியை மாநிலங்களுக்குப் பிரிக்கப் பரிந்துரைக்கும் நிதிக்குழு சொல்லும் வரிப் பங்குக்கு ஒரு கணக்கு உண்டு, அதை உரிமையோடு கேட்கலாம். 282-ன் கீழ் வரும் திட்ட மானியத்துக்கோ டெல்லியில் ஓர் அமைச்சகம் போடும் நிபந்தனைதான் சட்டம்.

பள்ளிக் கல்விக்கு ஒன்றிய அரசு பணம் தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் அதுதான் நடந்தது. 2024-25-க்கு நமக்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை நிறுத்தினார்கள். பி.எம்.ஸ்ரீ என்ற மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்க வேண்டுமாம். அந்தக் கொள்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்கூட இல்லை. 2020-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ஓர் ஆவணம், அவ்வளவுதான். சட்டமாகக் கொண்டுவந்திருந்தால் நம் எம்.பி.க்கள் எழுந்து எதிர்த்திருப்பார்கள், வாக்கெடுப்பு நடந்திருக்கும்.

இது யார் தலையில் விடிந்தது? எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா, பேரனை எல்.கே.ஜி.யில் சேர்க்க, கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) தனியார் பள்ளியில் கிடைக்கும் இலவச இடத்துக்கான விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று 2025 கோடை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் பிளாஸ்டிக் கவரில் தயாராக வைத்திருந்தார். அந்த இடங்களுக்கு சமக்ர சிக்ஷாவில் தரும் ஒன்றிய நிதி வரவில்லை என்று சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. அதற்குள் பக்கத்துப் பள்ளியில் வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டார்.

அமெரிக்காவிலும் பணத்தைக் காட்டி மாநிலங்களை வளைப்பது உண்டு. மது அருந்தும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதத்தைப் பிடிக்கலாம் என்று 1987-ல் அங்கே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் 2012-ல், மெடிக்கெய்டு என்ற ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டின் விரிவாக்கத்துக்கு ஒத்துக்கொள்ளாத மாநிலத்துக்கு ஏற்கெனவே வரும் மொத்த நிதியையும் நிறுத்துவோம் என்றபோது, அது வற்புறுத்தல், செல்லாது என்றது. அப்படி ஒரு கோட்டை நம் நீதிமன்றமும் கிழிக்க வேண்டும். தமிழ்நாடு 2025-ல் வழக்குப் போட்டதே அதற்காகத்தான். மாநிலக் கடன் வரம்பு பற்றிய கேரள வழக்கும் 2024-ல் அரசமைப்பு அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

'கையைக் கட்டாவிட்டால் மாநிலங்கள் கடனில் மூழ்கிவிடும்' என்பார்கள். வரம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2003-லேயே நம் சட்டமன்றம் நிதிப் பொறுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நாம் ஓட்டுப் போட்டவர்கள் கூடிப் பேசிப் போட்ட வரம்பு அது. மீறினால் அவர்களை நிறுத்திக் கேள்வி கேட்கலாம். அமைச்சகத்துச் சுற்றறிக்கையை யாரிடம் போய்க் கேட்பது?

இதே கேள்வியைக் கோட்டையைப் பார்த்தும் கேட்டாக வேண்டும். 2016 முதல் 2022 வரை சென்னை மாநகராட்சியில் கவுன்சிலரே இல்லை. அத்தனை வருடமும் அதிகாரிகள்தான் செலவு செய்தார்கள். 2022 பிப்ரவரியில் ஒருவழியாகத் தேர்தல் நடந்து 200 வார்டுக்கும் ஆள் வந்தார்கள். ஏப்ரல் பிறந்ததுமே சொத்து வரி உயர்வை மாநில அரசு அறிவித்தது. பெரிய வீடுகளுக்கு 150 சதவீதம் வரை. மானியத்துக்கு 15-வது நிதிக்குழு போட்ட நிபந்தனை என்று காரணம் சொன்னார்கள். டெல்லி கோட்டையை நெருக்க, கோட்டை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையை நெருக்கியது. வார்டு மக்களிடம் திட்டு வாங்கியது மட்டும் புதுக் கவுன்சிலர்கள்.

மாநில உரிமையை ஆராய 2025-ல் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு அமைத்தது. மனதார வரவேற்றேன். 282-ன் கீழ் தரும் பணத்துக்கு நாடாளுமன்றம் சட்டமாக இயற்றாத எந்த நிபந்தனையும் செல்லாது என்று அரசமைப்பைத் திருத்த வேண்டும். தமிழ்நாடு அதற்காகக் கடைசிவரை போராட வேண்டும். அதற்குக் காத்திருக்காமல், மாநகராட்சிக்குக் கொடுக்கும் பணத்துக்கும் அதே விதியை நம் சட்டமன்றம் இந்தக் கூட்டத்தொடரிலேயே சட்டமாக்கலாம். அதற்கு டெல்லியின் கையெழுத்து தேவையில்லை.