பாட்டுப் பாடித்தான் ஐயா!

மூன்று நாளாக ஒரு கல்லூரி மேடைப் பேச்சின் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேசியவர் யார், எந்தக் கல்லூரி என்று நான் எழுதப்போவதில்லை, அவருக்கு இருக்கிற விளம்பரம் போதும். "பாட்டுப் பாடி எந்தப் பல்கலைக்கழகமும் வளர்ந்ததில்லை" என்றார். அரங்கமே கைதட்டியது. எனக்கு அவருக்குப் பின்னால்தான் கண் போனது. சற்றுமுன் பாடி முடித்த பிள்ளைகள் இன்னும் மேடையை விட்டு இறங்கவில்லை. இரண்டாவது வரிசையில் ஒரு பெண், நெஞ்சோடு பிடித்திருந்த பாட்டு ஃபைலை மெதுவாகக் கீழே இறக்குகிறாள்.

வளர்ந்திருக்கிறது ஐயா. பாட்டுப் பாடியே வளர்ந்திருக்கிறது.

அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் பல்கலைக்கழகம். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காக 1866இல் தொடங்கியது. வகுப்பு நடந்தது ராணுவ ஆஸ்பத்திரியாக இருந்த பழைய கொட்டகைகளில். அடிமைகளைப் பூட்டிய துருப்பிடித்த விலங்குகளைப் பழைய இரும்புக்குப் போட்டு, அந்தக் காசில் புத்தகம் வாங்கியிருக்கிறார்கள். ஐந்தே வருடத்தில் இழுத்து மூடுகிற நிலை. பொருளாளர் ஜார்ஜ் ஒயிட், கணக்கும் பார்ப்பார், பாட்டும் சொல்லிக்கொடுப்பார். ஊர் ஊராகப் பாடிப் பணம் திரட்ட, ஒன்பது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு 1871 அக்டோபர் 6 அன்று கிளம்பிவிட்டார். கல்லூரியை நடத்திய கிறிஸ்தவ மிஷனுக்கே இதில் நம்பிக்கை இல்லை.

சின்சினாட்டியில் ஐம்பது டாலர்கூடத் தேறவில்லை. அதையும் அப்போதுதான் தீயில் எரிந்துபோயிருந்த சிகாகோ மக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். தங்க விடுதி கொடுக்க மாட்டார்கள், நிறம் அப்படி. அந்த நிலைமையில் இருந்த பிள்ளைகள் செய்த காரியம் இது.

முதலில் வெள்ளைக்காரர் ரசிக்கும் பாட்டுகளைத்தான் பாடினார்கள். அப்பா அம்மா தோட்டத்தில் முணுமுணுத்த அடிமைக் காலத்துப் பாட்டுகளை மேடையேற்ற அவர்களுக்கே மனம் வரவில்லை. அவை வீட்டுக்குள் வைத்திருந்த துக்கம். ஓபர்லினில் பாதிரியார்கள் கூட்டம் ஒன்றில் அதில் ஒன்றை மெல்லிய குரலில் எடுத்தார்கள். சளசளவென்று பேசிக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிப்போனது. அப்புறம் வெள்ளை மாளிகை, 1873இல் விக்டோரியா மகாராணி முன்னால், ஐரோப்பா. ஏழு வருடம் பாடி ஒன்றரை லட்சம் டாலர் கொண்டுவந்தார்கள் என்று எழுதியவர் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸ். அவரும் அதே ஃபிஸ்கில் படித்து 1888இல் பட்டம் வாங்கியவர்தான். பாடிய குழுவுக்குப் பெயர் ஃபிஸ்க் ஜூபிலி சிங்கர்ஸ். அந்தப் பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் 1876இலிருந்து அங்கே நிற்கிறது. பாட்டுப் பாடிக் கட்டிய கட்டடம் ஐயா. செங்கல், சுண்ணாம்பு எல்லாம் பாட்டு.

"அது அமெரிக்கா, நமக்கு எதற்கு?" என்று ஒருவர் வருவார். சரி, நமக்கு எதற்கு? மேடையில் மேற்கோள் காட்ட மட்டும் ஹார்வர்டு வேண்டும்.

"கொயர், அதாவது கூட்டமாகச் சேர்ந்து பாடுவது, அதுவே சர்ச் சமாசாரம்" என்று இன்னொருவர். பஜனையை எத்தனை பேர் சேர்ந்து பாடுகிறோம் என்று எண்ணிவிட்டு வரட்டும்.

ஒரு கேள்வி மட்டும் என்னைக் குத்தும். அந்தப் பிள்ளைகளைப் பிழிந்து எடுத்தார்களே, அது சரியா? சரியில்லைதான். பெஞ்சமின் ஹோம்ஸ் என்ற பாடகர் காசநோயில் 1875இல் இறந்துபோனார். எலா ஷெப்பர்டு என்ற பெண் பியானோவும் வாசித்து, பயிற்சியும் கொடுத்து, உடம்பு முடியாமலும் ஓடினார். பல்கலைக்கழகம் பிழைத்தது, பாடியவர்கள் தேய்ந்தார்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதைக் கேட்கிற தகுதி கைதட்டியவர்களுக்கு இல்லை.

இவ்வளவு கோபம் எதற்கு என்று தோழி போனில் கேட்டாள். சொல்கிறேன்.

நானும் கல்லூரிக் கொயரில் ஆல்டோ. இருபத்தாறு பேர். பயிற்சிக்கு அறை கிடையாது, வேதியியல் லேப் வராந்தாவில் நின்று பாடுவோம். ஹார்மோனியத்தில் ஒரு கட்டை அமுங்கினால் எழும்பாது, பக்கத்தில் நிற்பவள் விரலால் தூக்கிவிட வேண்டும். ஆல்டோ என்றால் பெண்களில் தாழ்ந்த குரல், பாட்டின் மெட்டு நம் பங்குக்கு வராது. உச்சக் குரலில் பாடும் சோப்ரானோக்காரிகள் பறப்பார்கள், நாம் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நாம் விட்டால் அவர்கள் விழுவார்கள். யாருக்கும் தெரியாது.

மூன்று மாதப் பயிற்சி. ஆண்டு விழாவன்று இரண்டாவது சரணத்தில் மைக் செத்துப்போனது. பழுது என்று நினைத்துத் தொடர்ந்து பாடினோம். அறிவிப்பாளர் கையை ஆட்டி, "போதும்மா, சீஃப் கெஸ்ட் வந்துட்டார்" என்றார். இறங்கினோம். யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் வலிக்கிறது. நாங்களும்தான் சொல்லவில்லை.

இதை எழுதினால் "பழசைக் கிளறுகிறாள்" என்பார்கள். கிளறுகிறேன். அந்த ஃபைலை இறக்கிய பெண்ணுக்கு என்ன வயதிருக்கும், பத்தொன்பது? அவளுக்கு இந்தக் கதையை யாராவது டேக் செய்யுங்கள். "அப்போ படிக்க வேண்டாமா?" என்று கேட்க வருகிறவர்கள், ஒன்பது பேர் எதற்காகப் பாடினார்கள் என்று மேலே போய் இன்னொரு தடவை படித்துவிட்டு வாருங்கள்.

ஃபிஸ்கில் இன்றைக்கும் அக்டோபர் 6 ஜூபிலி நாள். இப்போதைய மாணவர் குழு அந்த முதல் பாடகர்களின் கல்லறைக்குப் போகிறது. 2021இல் இந்தக் குழுவுக்கு கிராமி இசை விருதும் கிடைத்தது. எங்களுக்கு அன்று வடைகூட மிஞ்சவில்லை.